வருத்தம்மாவின் ஆறு படிகள்

எங்கள் அலுவலகக் கட்டடத்தில் வயிறு நோகச் சிரிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். காலை ஒன்பதரை மணியிலிருந்து மாலை ஐந்தரை மணி வரை வருத்தப்படுவதுதான் அவர் வேலை.

பேருந்து நிறுவனத்தின் குறைதீர் பிரிவில், பயணிகள் எழுதும் புகார்களுக்குப் பதில் எழுதுபவர் அவர். நாளுக்கு இருபது பதில்கள் எழுதுவார். இருபதிலும் எங்காவது ஓரிடத்தில் நிறுவனம் வருந்தியாக வேண்டும். இருபத்திரண்டு வருடங்களாக நிறுவனத்தின் சார்பில் வருந்திவருவதால் அவருக்கு வருத்தம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. மேலாளரும் அப்படித்தான் கூப்பிடுவார். "வருத்தம்மா, இந்தக் கோப்பைக் கொஞ்சம் பாருங்க" என்று அவர் சொன்னால், "வருந்திப் பாக்கணுமா, சும்மா பாக்கணுமா சார்?" என்று கேட்பார். கேட்டுவிட்டு அவர் சிரிக்கும் சிரிப்பு மாடிப்படி வரைக்கும் கேட்கும்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பத்தொன்பது வயதில் பயணச்சீட்டுக் கட்டுகளுக்கு ரப்பர் மாட்டும் வேலைக்கு வந்தார். ஐந்து வருடம் கழித்து, பதில் எழுதிக்கொண்டிருந்த பெரியவர் ஓய்வு பெற்றபோது, கையெழுத்து நன்றாக இருக்கிறதே என்று இவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். புகார்தாரருக்குக் கையால் எழுதிய பதில்தான் போக வேண்டும் என்பது எங்கள் நிறுவனத்தின் பழைய வழக்கம். அச்சடித்த தாளைப் பார்த்தால் ஆளுக்குக் கோபம் இரண்டு மடங்காகும் என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள்.

முன்னால் இருந்த பெரியவர் எல்லோருக்கும் ஒரே வாக்கியம்தான் எழுதுவாராம்: 'ஆழ்ந்த துயரம் அடைந்தோம்.' பேருந்து பத்து நிமிடம் தாமதமாக வந்தது என்று எழுதிய ஒரு பயணி, அந்தப் பதிலைப் படித்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க அலுவலகத்துக்கு ஓடிவந்து, "அந்த டிரைவருக்கு என்னங்க ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரத்தில் கண்ட இந்தக் காட்சிதான் வருத்தம்மாவைச் சிந்திக்க வைத்தது. வருத்தத்துக்கு அளவு வேண்டும் என்று முடிவு செய்தார். ஒரு தாளில் படிக்கட்டு வரைந்து, படிக்கு ஒரு சொல் எழுதி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். நான் சேர்ந்தபோதும் அது அங்கேயே இருந்தது, ஓரமெல்லாம் பழுத்துப்போய்.

பதினைந்து நிமிடம் வரை தாமதம்: சிரமத்திற்கு வருந்துகிறோம். அதற்கு மேல்: மிகவும் வருந்துகிறோம். நிறுத்தத்தில் நிற்காமல் போனால்: மனம் வருந்துகிறோம். பொருள் தொலைந்தால்: தங்கள் கவலையை உணர்கிறோம். நடத்துநர் ஏசினால்: வேதனை அடைந்தோம். அடிபட்டால்: துயரம் அடைந்தோம். ஆறு படிகள். அதற்கு மேலே ஏதாவது நடந்தால் அந்தக் கோப்பு எங்கள் மேசைக்கு வராது, நேராகச் சட்டப் பிரிவுக்குப் போய்விடும்.

எட்டு மாதத்துக்கு முன் நான் அவருக்குப் பக்கத்து மேசையில் சேர்ந்தேன். இலக்கியம் படித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான் என்பதை முதல் நாளே ஏதோ ஒரு பேச்சில் சொல்லித் தொலைத்துவிட்டேன். அன்று மதியத்துக்குள் என் பெயர் 'பட்டதாரி' ஆகிவிட்டது.

"பட்டதாரி, வருத்தத்துக்கு வேற என்னென்ன சொல்லு இருக்கு?" என்று முதல் வாரத்திலேயே வருத்தம்மா கேட்டார்.

நான் மூச்சுவிடாமல் இருபத்தேழு சொன்னேன். அகராதியைத் திறந்து, வருத்தம் என்ற சொல்லுக்கே முயற்சி, களைப்பு என்றெல்லாம் பொருள் உண்டு என்றும் காட்டினேன்.

"அப்போ நான் இருபத்திரண்டு வருஷமா முயற்சியும் பண்ணியிருக்கேன், களைச்சும் போயிருக்கேன். சம்பள உயர்வுக்கு இதையே எழுதிப் போடலாம் போலயே" என்றார்.

போன மாதம் ஒரு நாள் காலையில் வந்தவர், பையைக்கூடக் கீழே வைக்காமல் என் மேசை முன் நின்றார்.

"பட்டதாரி, ஒரு லெட்டர் எழுதித் தரணும். ஆபீஸ் லெட்டர் இல்ல."

அவர் மகளுக்கு வெளிநாட்டில் செவிலியர் வேலை கிடைத்திருந்தது. மூன்று வாரத்தில் விமானம் ஏற வேண்டும். அந்தப் பெண் ஒரே பிடியாக நிற்கிறாளாம்: பெரியம்மா வந்து வழியனுப்பாமல் போக மாட்டேன், போனாலும் நிம்மதியாக இருக்க மாட்டேன் என்று. பெரியம்மா என்பது வருத்தம்மாவின் உடன்பிறந்த அக்கா. வருத்தம்மா வேலைக்குப் போன காலத்தில் அந்தக் குழந்தையைப் பள்ளி முடிந்ததும் கூட்டிவந்து, தலைவாரி, பாடம் சொல்லிக்கொடுத்து வளர்த்தவர். இரண்டு பேருந்து மாறினால் அவர் வீடு. ஆனால் அக்காவும் தங்கையும் பேசி நான்கு வருடம் ஆகிறது.

"ஏன்?" என்றேன்.

வருத்தம்மா முதல் தடவையாகச் சிரிக்காமல் இருந்ததைப் பார்த்தேன்.

நான்கு வருடத்துக்கு முன், அக்காவின் கணவர் ஒரு காலைப்பொழுதில் திடீரென்று இறந்துவிட்டார். அதற்கு முந்தைய நாள்தான் வருத்தம்மாவுக்குக் குடல்வால் வெடித்து அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. எழுந்து உட்காரவே முடியாதவரால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் அக்கா எடுக்கவில்லை. ஆகவே மறுநாள், மருந்து மயக்கத்தோடு, படுத்தபடியே ஒரு கடிதம் எழுதித் தபாலில் போடச் சொன்னார்.

"என்ன எழுதினேன்னு எனக்கே தெரியல பட்டதாரி. கை அதுபாட்டுக்குப் போயிடுச்சு. பத்து நாள் கழிச்சு அவ அந்த லெட்டரையே திருப்பி அனுப்பினா. அப்பத்தான் படிச்சேன்."

கைப்பையின் உள்ளறையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். அழகான கையெழுத்து. 'தங்களுக்கு நேர்ந்த இழப்பு குறித்து அறிந்தோம். இதனால் ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். இனி இவ்வாறு நிகழாமல் பார்த்துக்கொள்கிறோம். இப்படிக்கு, குறைதீர் பிரிவுக்காக' என்று முடிந்து, கீழே அவர் கையொப்பம். அதற்கும் கீழே, அழுத்தி எழுதியதால் தாளே கிழிந்திருந்த இடத்தில், வேறொரு கையெழுத்து: 'என் புருஷன் உனக்கு முதல் படியா?'

அந்தப் படிக்கட்டை முதன்முதலில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்ததே அக்காதானாம். எந்தப் படிக்கு எந்தச் சொல் என்று அவருக்குத் தலைகீழாகத் தெரியும். இது பதினைந்து நிமிடத் தாமதத்துக்கு எழுதுவது என்றும் தெரியும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. வருத்தம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவருக்கும் வந்துவிட்டது. "சிரிக்காத பட்டதாரி, பாவம் புடிக்கும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

மதியம் சாப்பிடும்போது கடிதத்துக்குச் சொல் தேடினோம். உறைகளுக்கு முத்திரை குத்துகிற அண்ணனும் சேர்ந்துகொண்டார். முன்பு ஓட்டுநராக இருந்து, முதுகு போய், மேசை வேலைக்கு மாற்றப்பட்டவர். எல்லோருக்கும் முத்திரை அண்ணன்.

"சோகம்?" என்றேன்.

"அது பாட்டுக்குத்தான் சரி" என்றார் வருத்தம்மா.

"துயரம்?"

"அது ஆறாவது படி. அவளுக்குத் தெரியும்."

"விசனம்?"

"எங்க மாமனார் விசனப்படுவாரு. பேப்பர் படிச்சிட்டு" என்றார் முத்திரை அண்ணன்.

"கிலேசம்?"

"அதை டாக்டர்கிட்ட காட்டணும்."

"சஞ்சலம்?"

"ரிசல்ட் வர்றதுக்கு மொத நாள் வருமே, அதுதானே? செத்த வீட்டுக்கு ஆகாது."

"ஏக்கம்?"

வருத்தம்மா சாப்பாட்டை மென்றுகொண்டே யோசித்தார். "நல்ல சொல்லுதான். ஆனா ஏங்கினது நான். அதை எழுதினா, அவ துக்கத்துல எனக்கும் பங்கு குடுன்னு கேக்குற மாதிரி ஆயிடும்."

"அப்போ துக்கம்னே எழுதிடலாமா?"

"அது அவளோடது" என்றார். டிபன் பாக்ஸை மூடிவிட்டார்.

"வருந்தினா வாராதது இல்லைன்னு சொல்லுவாங்க. நீ வருந்துறதுல ஊருக்கே பெரிய ஆளு. உனக்கா வராம போயிடும்?" என்று முத்திரை அண்ணன் தேற்றினார்.

"அண்ணே, நான் வருந்தினதுதானே பிரச்சினையே!"

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து கடிதத்தை நானே எழுதினேன். எழுதும்போது ஒன்று உறுத்தியது. எங்கள் வீட்டில் யாரும் துயரம், வேதனை என்றெல்லாம் சொன்னதில்லை. அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர். வேலை இல்லாத நாளில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். என்னப்பா என்றால், "ஒண்ணுமில்ல" என்பார். அம்மா தன் தாய் இறந்த பிறகு ஆறு மாதம் வரை அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டார். கேட்டால், "ஒண்ணுமில்ல." இருபத்தேழு சொற்களைக் கல்லூரியில் படித்த எனக்கு, வீட்டில் கேட்டது அந்த ஒரு சொல்தான். அப்படியானால் நான் படித்த சொற்கள் யாருடையவை? அவற்றை யாருக்காவது கடன் கொடுக்க எனக்கு என்ன உரிமை? இப்படியெல்லாம் கேட்டுக்கொண்டேன். கேட்டுவிட்டு, அதையும் மீறி, 'ஆற்றொணாத் துன்பக் கடலில் தாங்கள் அமிழ்ந்தபோது அருகிருந்து தேற்ற இயலாத பாவியானேன்' என்று எழுதினேன். எழுதியதும் எனக்கே கண் கலங்கியது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வருத்தம்மா அதைத் தன் கையெழுத்தில் பிரதி எடுத்து, மகளின் பயணத் தேதியையும் கீழே சேர்த்து எழுதி, அனுப்பிவைத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் எழுதின மாதிரி இல்ல" என்றார். "அதுதானே வேணும்?" என்றேன் நான், அறிவாளித்தனமாக.

ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள் பதினொரு மணிக்கு, எங்கள் பிரிவின் புகார் வாங்கும் முகப்பில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். முகப்பைப் பார்ப்பது என் முறை. பதினேழாம் எண் டோக்கனோடு ஒரு பெண்மணி வந்தார். வருத்தம்மாவைக் கொஞ்சம் உயரமாக இழுத்துவிட்ட மாதிரி இருந்தார். நிரப்பிய புகார்ப் படிவத்தை என்னிடம் நீட்டினார். 'புகாரின் தன்மை' என்ற இடத்தில் 'மற்றவை' என்பதைக் குறித்திருந்தார். கீழே விவரம்: 'நான்கு வருடம் முன்பு வந்த பதில் திருப்தியாக இல்லை. போன வாரம் வந்தது அதைவிட மோசம். எழுத வேண்டியவர் எழுதவில்லை.'

எனக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அக்கா" என்றார் வருத்தம்மா.

"அக்காவா? இங்க நான் புகார்தாரர். டோக்கன் பதினேழு."

"உள்ள வந்து உக்காருக்கா."

"எதுக்கு? உள்ள கூட்டிட்டுப் போய் 'சிரமத்திற்கு வருந்துகிறோம்'னு சொல்லவா? அதை இங்கயே சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

வரிசை முழுக்க நெருங்கி வந்தது. பதினெட்டாம் எண்காரர், பேருந்தில் குடையைத் தொலைத்தவர், "அம்மா, நம்மளது சின்ன விஷயம்தான்…" என்று இழுத்தார்.

"குடை எங்கயும் போகாது. நீங்க சித்த நேரம் சும்மா இருங்க" என்றார் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"தப்புத்தான்க்கா. எவ்வளவு வருத்தப்பட்டேன்னு…"

"அது பஸ் லேட்டுக்கு."

"வேதனையா இருக்குக்கா."

"அது கண்டக்டர் திட்டினதுக்கு."

"அத்தான் போனது எனக்குத் துயர…"

"கை கால் ஒடிஞ்சதுக்கு! உன் படிக்கட்டு பூரா எனக்கு மனப்பாடம்டி. வேற இருந்தா எடு."

"துக்கம்னு சொல்லுங்கம்மா, அதுல இல்லல்ல" என்று குடைக்காரர் எடுத்துக்கொடுத்தார். முத்திரை அண்ணன் முத்திரையைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றுவிட்டார். நான் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, மெதுவாக, "ஆற்றாமை" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை.

"ஓ… நீதானா அந்த ஆற்றொணா?"

மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இவ பேனா புடிச்சா 'பாவியானேன்'னு எழுதுவாளா? இவளுக்கு எட்டாவதுலயே கட்டுரைன்னா ஆகாது. நான்தான் எழுதிக் குடுப்பேன். நான் எழுதிக் குடுக்காததை யாரு எழுதிக் குடுத்தான்னு பாக்கத்தான் வந்தேன். பாத்துட்டேன். போறேன்."

அவர் உண்மையிலேயே திரும்பினார். கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். விமானத்துக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. இந்தக் கதவைத் தாண்டினால் இவர் மறுபடி வரமாட்டார் என்பது எனக்கே புரிந்தது. சொல்லுவதற்கு என்னிடம் இன்னும் இருபது சொற்களாவது மிச்சம் இருந்தன. ஒன்றுகூட இங்கே செல்லாது.

"அத்தான் ஷேவ் பண்ணிட்டிருந்தாராக்கா?" என்றார் வருத்தம்மா.

அக்கா நின்றார்.

"அன்னிக்குக் காலைல. பாதி முகத்துல சோப்போடதான் சாஞ்சாருன்னு யாரோ சொன்னாங்க. நாலு வருஷமா அது மண்டையில ஓடிக்கிட்டே இருக்கு. எந்தப் பக்கம் முடிச்சிருந்தாரு?"

அந்தக் கேள்வி என்னைத் தூக்கிவாரிப்போட்டது. இப்படிக் கேட்பார்களா? கேட்கலாமா?

"இடது பக்கம்" என்றார் அக்கா. திரும்பாமலே சொன்னார்.

"மிச்சத்தை?"

"நான்தான்." இப்போது திரும்பினார். "ஆளுங்க வர்றதுக்குள்ள நானே பண்ணி முடிச்சேன். வேற யாரையும் தொட விடல. கை நடுங்கவே இல்லடி. ஆனா ஒரு கிருதா மேல போயிடுச்சு, ஒண்ணு கீழ நின்னுடுச்சு. சரி பண்ணப் போனா இன்னும் கோணலாகுது. கடைசி வரைக்கும் அப்படியேதான் போனாரு."

"அய்யய்யோ. அத்தான் கண்ணாடி முன்னாடி அரை மணி நேரம் நிப்பாரேக்கா!"

"முழிச்சிருந்தா என்னைத் துரத்தித் துரத்தி அடிச்சிருப்பாரு!"

யார் முதலில் சிரித்தது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா முகப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அது எந்த இடத்தில் அழுகையானது என்பதையும் நான் கவனிக்கத் தவறிவிட்டேன். வருத்தம்மா முகப்பின் பலகைக் கதவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், அக்காவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"ஒருத்தரும் கேக்கலடி" என்றார் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "வந்தவங்க எல்லாம் ஆழ்ந்த, ஆழ்ந்தன்னு சொல்லிட்டுச் சாப்பிட்டுட்டுப் போனாங்க. அவரு கடைசியா என்ன பேசினாரு, என்ன பண்ணிட்டிருந்தாருன்னு ஒருத்தர் கேக்கல. நான் சொல்லணும்னு எவ்வளவு நாள்…"

"எனக்குக் கேக்கணும்னுதான் இருந்துச்சு. கேட்டா நீ உடைஞ்சிடுவியோன்னு பயந்துட்டேன். அந்தப் பயத்துலதான் அப்படி எழுதித் தொலைச்சேன்."

"உடைஞ்சா என்ன? ஒட்ட வைக்க நீ இல்லையா? குடல்வால் போனா கையுமா போயிடும்?"

குடைக்காரர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். "கடைசியா என்னம்மா பேசினாரு?" என்று கேட்டார். அக்கா அவருக்கும் சேர்த்துச் சொன்னார். சோப்பு தீர்ந்துபோச்சு, நேற்றே சொன்னேனே, ஏன் வாங்கவில்லை என்று சண்டை போட்டாராம். "கடைசி வார்த்தையே திட்டுதான்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஏதோ ஒரு பெருமை தெரிந்தது. அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தோன்றவில்லை.

அன்று வரிசையில் நின்ற ஒருவர்கூட, ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. எங்கள் பிரிவின் வரலாற்றிலேயே இது முதல் தடவை என்று முத்திரை அண்ணன் சொன்னார்.

அக்கா கிளம்பும்போது, வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். "பொண்ணுக்கு எத்தனை கிலோ விடுறாங்க?"

"முப்பது."

"நீ முப்பத்தஞ்சு வச்சிருப்ப. நான் வந்து அடுக்குறேன். உனக்காக இல்ல. பொண்ணுக்காக."

சொன்னபடி நான்கு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். கிளம்புகிற நாளன்று பெட்டி தூக்க நானும் போயிருந்தேன். கூடத்தின் நடுவில் பெட்டி திறந்து கிடந்தது. வருத்தம்மா ஒரு கம்பளியை உள்ளே வைத்தார். அக்கா அதை எடுத்து வெளியே வைத்தார். "அங்க குளிரும்க்கா!" "அங்க கம்பளியே விக்கிறதில்லையா? மருந்து டப்பாவை வை!" "அவளே நர்ஸுக்கா!" "நர்ஸுக்குக் காய்ச்சல் வராதா?" கம்பளி இரண்டு தடவை உள்ளே போய் இரண்டு தடவை வெளியே வந்தது.

மகள் கதவோரம் என் பக்கத்தில் நின்று, கடவுச்சீட்டால் விசிறிக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. நான் ஏதாவது நல்ல சொல்லாகச் சொல்லி அவளைத் தேற்ற வேண்டும் என்று நினைத்தேன். பிறகு, "மொத நாள் அங்க இறங்கினதும் என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். வண்டி வந்து இரண்டு முறை ஒலியெழுப்பிய பிறகும் சொல்லி முடிக்கவில்லை.